விட்டுப்போன ஒற்று

"உயிர் இருக்கு அண்ணி. முகத்தைத்தான் காட்ட மாட்டேங்குது."

நாத்தனார் இதைச் சொன்னபோது, மேசைமேல் இருந்த சாம்பல் நிற ஹார்ட் டிஸ்க்கில் காதை ஒட்டி வைத்திருந்தாள். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் மெலிதாகக் கேட்டது. முன்பக்கத்து விளக்கும் விட்டுவிட்டு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒரு பொருள் இந்த வீட்டிலேயே இல்லை என்று சாதித்தது.

மருமகள் டிஸ்க்கைப் பார்த்தாள். 'உயிர் இருக்கு' என்ற வார்த்தையை இந்த அறையில் யாரும் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது.

இன்றுதான் இந்தத் தொடருக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது புள்ளியின் அறை. புள்ளி என்பவன் மருமகளின் கணவன், அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது என்பதால் அச்சகத்தார் வைத்த பெயர். "எங்க வீட்டுக்காரர் பெரும்புள்ளி" என்று மருமகள் தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்லிச் சிரிப்பாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் அவனுடைய வண்டி ஆற்றுப் பாலத்தில் தனியாக நின்றது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. செருப்பு பாலத்துச் சுவரோரம் கிடந்தது. வெள்ளம் வடிந்தது, தேடியவர்கள் ஓய்ந்தார்கள், அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. ஆள் மட்டும் வரவில்லை.

நாளைக் காலையில் மனைவியும் தாயும் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். புள்ளி இறந்துவிட்டதாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் மனு அது. வழக்கமாக ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும், வெள்ளத்தில் போனவன் என்பதால் இப்போதே கேட்டுப் பார்க்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்கு முன் மருமகளுக்கு ஒரே ஒரு பதில் தெரிந்தாக வேண்டும். அவன் வழுக்கி விழுந்தானா, அல்லது அவளால் விழுந்தானா?

அவளால் என்று அவள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எழுதும்போது ஒற்றெழுத்துகளை விழுங்கிவிடும் பழக்கம் அவளுக்கு. 'சாவியை கொண்டு வாங்க' என்று போனில் செய்தி அனுப்பினால், அவனிடமிருந்து 'க்' என்று ஒற்றை எழுத்து பதிலாக வரும். வேறு ஒரு வார்த்தை இருக்காது. சாவி பின்னாலேயே வந்துவிடும், அது வேறு விஷயம். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு சிரித்திருக்கிறாள். போகப்போக, அந்த ஒற்றை எழுத்து வந்தால்தான் மனுஷன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம் செய்துகொள்ளப் பழகிவிட்டாள்.

அந்த மழைநாள் காலையில் இருவருக்கும் சண்டை. என்னைவிட உங்களுக்கு எழுத்துதான் பெரிதா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போன சண்டை. அவன் கிளம்பிப் போன பிறகும் ஆறாமல், 'எங்கயாவது போய் தொலைங்க' என்று அனுப்பினாள். விட்டுப்போன 'த்' திரும்பி வரவில்லை. அன்று மாலையே பாலத்தில் வண்டியைக் கண்டுபிடித்தார்கள்.

வராத அந்த எழுத்துதான் அவளை இத்தனை நாளும் தூங்கவிடாமல் அடித்தது.

வீடும் சும்மா இருக்கவில்லை. இந்த அறையில் இருக்கும் நாற்காலியை அவள் தன் குட்டை உடம்புக்கு ஏற்றபடி தாழ்த்தி வைப்பாள். ஒருநாள் வேலையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அது உயர்ந்திருந்தது. அவனுடைய கருப்பு டிஸ்க்கை அவன் மாட்டி வைத்தபடியே விட்டிருந்தாள், தொடக்கூட மனம் வரவில்லை. ஒருநாள் அதன் வயர் இடது துளையிலிருந்து வலது துளைக்கு மாறியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை மாலை குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. மாமியார் விடியற்காலையில் குளித்துவிடுகிறவள். இவற்றை எல்லாம் மாமியாரிடம் சொன்னபோது, ஆற்றோடு போனவன் நாற்காலியை ஏற்றி வைக்கவா வருவான், எல்லாம் உன் பிரமை என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

பிரமையோ என்று மருமகளும் பயந்தாள். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவள், கடையில் உடன் வேலை செய்கிறவளிடம் சொல்லித் தன் கண்ணையே சோதிக்கச் சொன்னாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

இந்த நிலையில்தான் நேற்று, அறையை ஒழிக்கப் போனபோது, அலமாரியின் மேல்தட்டில் பழைய ஷூ பெட்டிக்குள் இந்தச் சாம்பல் டிஸ்க் கிடைத்தது. கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அவள் பிரித்துப் பார்ப்பதற்குள் மாமியார் பின்னால் வந்து நின்று, அது ஓடாத சாமான், குப்பையில் போடு என்றாள். மாமியார் பழைய பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்துகிறவள். அவள் வாயிலிருந்து 'குப்பையில் போடு' என்று வந்தது மருமகளுக்கு விநோதமாகப் பட்டது. மறைத்து வைத்த டிஸ்க்கில் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும், தன் கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருக்கும் என்ற எண்ணத்தில் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

நாத்தனார் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனில் பதில் சொல்பவள். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்கி வாங்கி, வீட்டிலும் அதே பொறுமைக் குரலில்தான் பேசுவாள். அவளைக் கட்டிக்கொண்டவர் சண்டை போட வழியில்லாமல் தவிக்கிறார் என்பது குடும்பத்து வேடிக்கை.

"முதல்ல வயர்" என்றாள் அந்தக் குரலில். "பத்து புகார்ல ஆறு வயர்லதான் முடியும்."

வயரை மாற்றினார்கள். டிங் என்று மணியடித்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. முன்பக்கத் துளையில் மின்சாரம் போதாமல் இருக்கலாம் என்று பின்பக்கம் மாற்றினார்கள். மீண்டும் அதே மணி, அதே வெறுமை. அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடி ஒளிகிற குழந்தைகளைப் போல அந்த டிஸ்க் இவர்களை ஏய்த்தது. வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று மருமகள் கேட்டாள். நாத்தனார் கொண்டுவந்திருந்தது ஆபீஸ் லேப்டாப். வெளி டிஸ்க் எதையும் ஏற்காதபடி அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி, ஆபீசுக்கு ஆபீஸ் பூட்டு என்று அலுத்துக்கொண்டாள்.

இதற்குள் மாமியார் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். முதல் தடவை காபி வேண்டுமா என்று கேட்டாள். இரண்டாம் தடவை, கொடுத்த காபியைக் குடித்தாயிற்றா என்று கேட்டாள். மூன்றாம் தடவை கேட்க ஒன்றும் இல்லாமல், ஓடாத சாமானோடு எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கையே பார்த்தபடி நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணி, இனிமே திரையில 'ஃபார்மட் பண்ணவா'ன்னு ஏதாவது கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்குச் சரின்னு சொன்னவங்கதான் எனக்கு அழுதுட்டே போன் பண்ணுவாங்க."

இப்படி எச்சரித்துவிட்டு, கம்ப்யூட்டரோடு இணைந்த எல்லா டிஸ்க்குகளையும் வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வரிகள் இருந்தன. முதலாவது, கம்ப்யூட்டரின் உள்ளேயே இருப்பது. இரண்டாவது, மேசைமேல் எப்போதும் இருக்கும் புள்ளியின் கருப்பு டிஸ்க். மூன்றாவது வரியில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்தது. சாம்பல் டிஸ்க் அங்கேதான் ஒளிந்திருந்தது. நாத்தனார் அம்புக்குறியின் மேல் சுட்டியை வைத்து, வந்த குறிப்பைப் படித்தாள். அவளுடைய பொறுமைக் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது.

"இது கெட்டுப்போகல அண்ணி. வேணும்னே ஒதுக்கி வச்சிருக்கு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு கையெழுத்து உண்டு. இதோட கையெழுத்தும் அந்தக் கருப்பு டிஸ்க்கோட கையெழுத்தும் ஒண்ணா இருக்காம். அதனால முதல்ல வந்ததை உள்ள விட்டுட்டு, இதை வாசல்லயே நிறுத்திடுச்சு."

கையெழுத்து என்றதும் மருமகளுக்கு நாளைய காலை ஞாபகம் வந்தது. இரண்டு டிஸ்க்குக்கு ஒரே கையெழுத்து எப்படி வரும் என்று கேட்டாள். தனித்தனி ஃபைலாக இழுத்துப் போட்டால் வராது, ஒரு டிஸ்க்கை ஒன்றுவிடாமல் முழுசாக நகலெடுத்தால் கையெழுத்தும் கூடவே வந்துவிடும் என்று நாத்தனார் விளக்கினாள். அந்த வரியின் மேல் சொடுக்கி உள்ளே இழுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் அதற்குப் புதுக் கையெழுத்து எழுதிவிடும். அண்ணன் வைத்த பொருளின் மேல் எதையும் எழுதவிட அவளுக்கு மனமில்லை.

"கருப்பைக் கழட்டிட்டா போதும். இது தானா வந்துடும்."

கழற்ற வேண்டியது ஒரு வயர்தான். மருமகளின் கை அதன்மேல் போய் நின்றுவிட்டது. அவன் மாட்டியது, அவன் கைபட்டது, இந்த வீட்டில் அவனுடையது என்று இன்னும் எரிந்துகொண்டிருந்த ஒரே விளக்கு. நீ கழற்றட்டுமா நான் கழற்றட்டுமா என்ற பேச்சே எழவில்லை. அவளேதான் கழற்றினாள். கருப்பு டிஸ்க்கின் விளக்கு அணைந்தது.

சாம்பல் டிஸ்க்கைப் பிடுங்கி மறுபடி மாட்டியதும் மணியடித்தது. இந்தத் தடவை திரையில் ஜன்னல் திறந்தது.

உள்ளே இருந்தவை எல்லாம் பழகிய முகங்கள். அச்சகத்து அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், 'தெருப் பலகைப் பிழைகள்' என்று அவன் வேடிக்கைக்காகச் சேர்த்த படங்கள். கருப்பு டிஸ்க்கில் என்ன வரிசையோ அதே வரிசை. புதிதாக ஒரு கடிதமோ ஒரு வரியோ இல்லை. நாத்தனார் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தாள். அண்ணன் பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான் என்றாள்.

மருமகள் சாயவில்லை. கடையில் அவளுடைய வேலையே இதுதான். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையை வைத்து எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே போன்ற இன்னொன்றை வைத்து, முதலில் காட்டியது தெளிவா இரண்டாவதா என்று நாளெல்லாம் கேட்பாள். வித்தியாசமே இல்லை என்று சொல்பவர்களிடம், இன்னொரு தடவை பாருங்கள் என்பாள். இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு பட்டியலின் கடைசிவரை இறங்கினாள்.

கடைசியில் 'காணவில்லை' என்று ஒரு ஃபைல் இருந்தது.

அது அவள் செய்தது. அவன் போன மூன்றாம் நாள், இதே கம்ப்யூட்டரில், அழுதபடி தட்டெழுதிக் கருப்பு டிஸ்க்கில் சேமித்த நோட்டீஸ். அதைத்தான் அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டினார்கள்.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வியின் கனம் அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நகலில் நோட்டீஸ் இருக்கிறது என்றால், நோட்டீஸ் எழுதிய பிறகுதான் நகலெடுத்திருக்க வேண்டும். அண்ணன் காணாமல் போன பிறகு யாரோ இந்த அறைக்கு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த டிஸ்க்கை நகலெடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மவுஸை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.

மருமகள் ஃபைலைத் திறந்தாள். புள்ளியின் படம், அதே அரைச் சிரிப்பு. கீழே அவள் எழுதிய வரி. அந்த வரி அவளுக்கு மனப்பாடம். 'மேலே படத்தில் உள்ளவரை கண்டால் தகவல் தெரிவிக்கவும்.' ஒற்றை விழுங்கித்தான் எழுதியிருந்தாள். அச்சகத்தில் யாரும் திருத்தவில்லை. திருத்துகிறவன்தான் படத்தில் இருந்தானே.

திரையில் இருந்த வரி அதுவாக இல்லை.

'மேலே படத்தில் உள்ளவரைக் கண்டால் தகவல் தெரிவிக்கவும்.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். 'க்' அங்கேயே இருந்தது. வேறு ஒரு எழுத்தும் மாறவில்லை.

"அண்ணன்" என்றாள் நாத்தனார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உலகத்தில் வேறு யார் தன்னைத் தேடும் நோட்டீஸில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை திருத்துவார்கள்?

மருமகளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று உள்ளே ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அது முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. தெருத்தெருவாக அவள் பசை வாளியோடு அலைந்தது, ஆற்றங்கரையில் நின்றது, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பயந்தது, இத்தனையும் தெரிந்தும் அவன் தன் வீட்டுக்கே வந்து குளித்து, சாப்பிட்டு, நாற்காலியை உயர்த்திப் போட்டுக்கொண்டு ஒரு 'க்' வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

என்றைக்குத் திருத்தியது என்று பார்க்கச் சொன்னாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை, மதியம்.

செவ்வாய்க்கிழமை மாலைதான் குளியலறை ஈரமாக இருந்தது. அதற்கும் மறுநாள், புதன்கிழமை காலையில்தான், என் பிள்ளை செத்தான் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன் என இத்தனை நாளும் சாதித்த மாமியார், போட்டு முடிச்சுடலாம்மா என்று தானாக வந்து சொன்னாள். அதைப் பெரிய மனது என்று நினைத்து மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். இப்போது அந்தக் கண்ணீரை நினைக்கவே அவமானமாக இருந்தது. மாமியார் மனம் மாறவில்லை, மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குச் செத்துப்போக வேண்டும், ஆனால் வீட்டுச் சாப்பாடு வேண்டும்.

நாத்தனார் எழுந்தாள். அம்மாவை இப்பவே கேட்கிறேன் என்றாள். அந்தப் பொறுமைக் குரல் போன இடம் தெரியவில்லை. மருமகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இப்பக் கேட்டா அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டார். தெரியலைன்னா, இந்த நகலை எடுத்துட்டுப் போகவாவது இன்னொரு தடவை வருவார்."

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. மருமகள் நோட்டீஸை மூடினாள். மாமியார் நான்காவது தடவையாக வந்து நின்றாள். கையில் துடைக்கும் துணி இருந்தது, துடைக்க ஒன்றும் இல்லை.

"ஓடுச்சா?"

"இல்லை அத்தை. செத்துப்போச்சு."

மாமியாரின் தோள் சற்றே இறங்கியது. அதை மருமகள் பார்த்தாள். அத்தனை நாளும் பார்க்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள்.

"நான்தான் நேத்தே சொன்னேனே. குப்பைல போட்டுடு."

"வேண்டாம் அத்தை. அவர் வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

மாமியார் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்று மட்டும் நினைவுபடுத்தினாள். கடையில் ஆள் இல்லை, நாளைக்கு வர முடியாது, வக்கீலிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள் மருமகள். வருகிற செவ்வாய்க்கிழமையும் வீடு திரும்ப இருட்டிவிடும் என்று சேர்த்துச் சொன்னாள். துணியைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"தள்ளிப்போட்டா நிம்மதி இல்லம்மா."

"யாருக்கு அத்தை?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகளின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். அண்ணனை நினைத்து அழுதிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் துணி காய்கிறது என்று முணுமுணுத்தபடி திரும்பினாள். படியேறும் சத்தம் மேலே போய் மறையும்வரை இருவரும் அசையவில்லை.

பிறகு மருமகள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாம்பல் டிஸ்க்கில் இருந்த நோட்டீஸை மறுபடி திறந்தாள். அவனுடைய 'க்' மேல் விரலை ஒரு தடவை வைத்து எடுத்தாள். தகவல் தெரிவிக்க வேண்டிய போன் நம்பருக்குக் கீழே, காலியாக இருந்த இடத்தில், நிதானமாக ஒரே ஒரு வரி தட்டெழுதினாள்.

'எதற்காக போனீர்கள்?'

நாத்தனார் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தாள். சின்ன வயதில் அதே அண்ணனிடம் காதைத் திருகக் கொடுத்துப் படித்தவள் அவள்.

"அண்ணி, நடுவுல ஒரு 'ப்' விட்டுப்போச்சு."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மருமகள் அதை அப்படியே சேமித்தாள்.